போன வருடக் கணக்கா, இந்த வருடக் கணக்கா? அமெரிக்காவில் ஃப்ரீலான்ஸ் செய்பவரின் காலாண்டு வரி

ஏப்ரல் பிறந்தால் எனக்கு ஒரே கேள்வி நான்கைந்து பேரிடமிருந்து வரும். "போன வருஷம் கட்டின வரியை நாலாப் பிரிச்சுக் கட்டிடட்டுமா, இல்ல இந்த வருஷம் எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுக் கட்டணுமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைவருக்கானது) வேலை அனுமதி அட்டை வாங்கி, வீட்டிலிருந்தே டிசைன், மொழிபெயர்ப்பு, கோடிங் என்று செய்பவர்கள். மீதிப் பேர் கம்பெனி வேலையை விட்டு 1099-க்கு, அதாவது வரி பிடிக்காமல் பணம் வரும் ஒப்பந்த வேலைக்கு, மாறியவர்கள். சம்பளம் என்றால் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுப்பார்கள். 1099 பணம் முழுசாக வந்து விழும். அதில் எது நம்முடையது, எது அரசாங்கத்தினுடையது என்று யாரும் எழுதி அனுப்புவதில்லை. நாமே கணக்குப் போட்டு, வருடத்துக்கு நான்கு தவணையாக முன்கூட்டியே கட்ட வேண்டும்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அபராதம் வராமல் இருக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒன்று. உண்மையில் எவ்வளவு வரி வரப்போகிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கீழே வரும் வழிகளில் சில முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். அதை மறந்தவர்கள்தான் அடுத்த ஏப்ரலில் தலையில் கை வைத்து உட்காருகிறார்கள்.

## முதலில், எவ்வளவு வரும்?

கல்யாணமாகாத ஒருவர், கலிபோர்னியாவில் இருக்கிறார், செலவெல்லாம் போக 2025-இல் நிகர லாபம் 80,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வேறு வருமானம் இல்லை.

முதலில் வருவது சுயதொழில் வரி. சோஷியல் செக்யூரிட்டிக்கு 12.4%, மெடிகேருக்கு 2.9%, ஆக 15.3%. சம்பளக்காரருக்கு இதில் பாதியை முதலாளி கட்டுவார், நமக்கு நாமே முதலாளி. லாபத்தின் 92.35 சதவீதத்தின் மேல்தான் இது கணக்கிடப்படும். அப்படிப் பார்த்தால் 11,304 டாலர். இதில் பாதியான 5,652 வருமானத்திலிருந்து கழியும். பொதுக் கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750, க்யூ.பி.ஐ. எனப்படும் தொழில் வருமானக் கழிவு சுமார் 11,720. இவையெல்லாம் போனபின் வரிக்குரிய வருமானம் 46,878, அதற்கு வருமான வரி 5,387 டாலர்.

பார்த்தீர்களா? வருமான வரியைவிட சுயதொழில் வரி இரண்டு மடங்குக்கு மேல். "நான் 12% ஸ்லாபில்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். ஃபெடரல், அதாவது மத்திய அரசுக்கான வரி மொத்தம் 16,691 டாலர். கலிபோர்னியா வரி ஏறத்தாழ 2,700. க்யூ.பி.ஐ. கழிவைக் கலிபோர்னியா ஒப்புக்கொள்வதில்லை, அதனால் ஃபெடரல் கணக்கை அப்படியே அங்கே நகலெடுக்க முடியாது.

கணவனோ மனைவியோ நல்ல சம்பளத்தில் இருந்தால் கதை வேறு. கூட்டாகத் தாக்கல் செய்யும்போது உங்கள் ஃப்ரீலான்ஸ் வருமானம் அவர்களுடைய சம்பளத்தின் மேல் போய் உட்காரும். தம்பதி 24% ஸ்லாபிலும் கலிபோர்னியாவின் 9.3% ஸ்லாபிலும் இருந்தால், நீங்கள் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு டாலரிலும் 40 டாலர் போல வரிக்குப் போகும். "வர்றதுல 25% எடுத்து வை" என்று ஊரெல்லாம் சொல்லும் விதி இவர்களுக்கு உதவாது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நான் பார்ப்பது நான்கு. ஒன்று, அபராதத்திலிருந்து எவ்வளவு உறுதியான பாதுகாப்பு. இரண்டு, பணம் எவ்வளவு நாள் நம் கையில் இருக்கும். மூன்று, கணக்கு வேலை எவ்வளவு. நான்கு, அடுத்த ஏப்ரலில் எவ்வளவு பெரிய பாக்கி வந்து நிற்கும். ஐந்தாவதாக ஒன்று உண்டு, எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை: உங்களால் அடுத்தவர் பணத்தை எட்டு மாதம் தொடாமல் வைத்திருக்க முடியுமா?

ஃபெடரல் கெடு தேதிகள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, மறு வருடம் ஜனவரி 15. காலாண்டு என்று பெயர்தான், இடைவெளி மூன்று மூன்று மாதம் இல்லை. முதல் தவணைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டே மாதம். முதல் வருடம் நான் ஜூன் 30 என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். ஊரில் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியவர்களுக்கு ஜூன் 15-ம் செப்டம்பர் 15-ம் பழகிய தேதிகள்தான், ஆனால் அங்கே அடுத்தவை டிசம்பர் 15, மார்ச் 15. இந்தக் குழப்பத்திலேயே தவணையைத் தவறவிட்டவர்கள் உண்டு.

பிடித்தங்கள் எல்லாம் போக ஃபெடரல் பாக்கி 1,000 டாலருக்குக் கீழ் என்றால் அபராதம் இல்லை. அதற்கு மேல் போனால் கீழே உள்ள வழிகளில் ஏதாவது ஒன்றில் நிற்க வேண்டும்.

## வழி 1: போன வருட வரியை நாலாகப் பிரிப்பது

இதைத்தான் சேஃப் ஹார்பர் என்கிறார்கள். போன வருடத்து மொத்த வரியில் 100 சதவீதத்தை நான்கு சம தவணையாக, கெடு தேதிக்குள் கட்டிவிட்டால், இந்த வருடம் நீங்கள் பத்து மடங்கு சம்பாதித்தாலும் குறைவாகக் கட்டியதற்கு அபராதம் கிடையாது. போன வருட ஏ.ஜி.ஐ. (சில கழிவுகள் போன மொத்த வருமானம்) 150,000 டாலரைத் தாண்டியிருந்தால் 100-க்குப் பதில் 110 சதவீதம். கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கும் அதே 150,000தான். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் அதைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை.

மேலே சொன்னவருக்கு 2024-இல் மொத்த வரி 9,200 என்றால், தவணைக்கு 2,300 கட்டினால் போதும். இந்த வருட வரி 16,691 வந்தாலும் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வாயைத் திறக்காது. மீதி 7,491 டாலரை ஏப்ரல் 15 வரை வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்கலாம்.

அந்த 7,491-ஐத்தான் பலர் மறைமுகச் செலவாக அனுபவிக்கிறார்கள். பணம் இருந்திருக்கும், ஆனால் தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பார்கள். ஏப்ரலில் கட்ட முடியாமல் கிரெடிட் கார்டில் தேய்த்தால், மிச்சம் பிடித்த வட்டியெல்லாம் ஒரே மாதத்தில் காலி. வலி அதோடு முடியாது. அதே ஏப்ரல் 15-இல் புது வருடத்தின் முதல் தவணையும் வந்து நிற்கும், அதுவும் இப்போது 16,691-ஐ நாலால் வகுத்த 4,173 டாலர். ஆக ஒரே நாளில் 11,664 டாலர்.

இன்னொரு பிழையையும் அடிக்கடி பார்க்கிறேன். "போன வருஷம் கட்டினது" என்றால் ஏப்ரலில் கடைசியாகக் கட்டிய பாக்கியை எடுத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. வருடாந்திர வரிப் படிவமான 1040-இன் 24-ஆம் எண் கட்டத்தில் இருக்கும் மொத்த வரியைத்தான் எடுக்க வேண்டும், சுயதொழில் வரியும் அதற்குள் அடக்கம்.

போன வருடம் படிவமே தாக்கல் செய்யாதவர்களுக்கும், 12 மாதம் முழுமையாக இல்லாத வரி ஆண்டு உள்ளவர்களுக்கும் இந்தக் கதவு திறக்காது. வருமானம் ஏறிக்கொண்டே போகிறவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## வழி 2: இந்த வருட வரியில் 90 சதவீதம்

வருமானம் இறங்கும் வருடத்தில் வழி 1 நம்மையே கடிக்கும். அதே ஆள் போன வருடம் 80,000 சம்பாதித்து 16,691 கட்டினார், இந்த வருடம் குழந்தை பிறந்து பாதி வருடம் வேலையைக் குறைத்துக்கொண்டதால் லாபம் 45,000தான் என்று வைத்துக்கொள்வோம். 2025 விகிதத்தில் ஃபெடரல் மொத்தம் ஏறத்தாழ 8,620 டாலர். போன வருடக் கணக்குப்படி கட்டினால் 8,000 டாலருக்கு மேல் அரசாங்கத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்த மாதிரி, அதுவும் கையில் பணம் தேவைப்படும் வருடத்தில். 90 சதவீதம் என்றால் மொத்தம் 7,760 கட்டினால் போதும்.

சிக்கல் என்னவென்றால், ஏப்ரல் மாதத்தில் உட்கார்ந்து டிசம்பர் வருமானத்தைச் சொல்ல வேண்டும். நவம்பரில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் திடீரென்று பெரிய வேலை கொடுத்தால் முதல் மூன்று தவணையும் குறைந்துபோயிருக்கும். அதனால் இந்த வழியில் போகிறவர் ஒவ்வொரு கெடு தேதிக்கு முன்பும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதுவரை வந்தது, இனி வரப்போவது என்று 1040-இஎஸ் படிவத்தோடு வரும் பணித்தாளில் மறுபடி கணக்குப் போட வேண்டும். செலவு ரசீதுகளை டிசம்பரில் ஷூ பெட்டியிலிருந்து கொட்டுகிறவர்களுக்கு இது ஒத்து வராது. வாய்விட்டுச் சொல்கிறேன், நானும் அந்தக் கட்சிதான்.

நல்ல விஷயம் ஒன்று உண்டு. போன வருட அளவு, இந்த வருட 90% இரண்டில் எது குறைவோ அதைத் தொட்டிருந்தால் போதும். அதனால் வழி 2-இல் ஆரம்பித்து, நடுவில் வருமானம் எகிறினால் போன வருட அளவுக்குக் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குள் போன தவணைகளில் விட்ட குறைக்கு மட்டும் கொஞ்சம் வட்டி வரும்.

## வழி 3: வந்தபோது கட்டுவது

கல்யாண போட்டோகிராபர், வரி சீசனில் மட்டும் வேலை செய்பவர், வருடத்தில் ஒரே ஒரு பெரிய ப்ராஜெக்ட்டுக்கு அக்டோபரில் பணம் வாங்குபவர் போன்றவர்களுக்கு நான்கு சம தவணை என்பதே அநியாயம். அவர்களுக்காக, அபராதத்தைக் கணக்கிடும் 2210 படிவத்தில் ஷெட்யூல் ஏ.ஐ. என்று ஒரு பகுதி இருக்கிறது. மார்ச் 31, மே 31, ஆகஸ்ட் 31, டிசம்பர் 31 வரை வந்த வருமானத்தை முறையே 4, 2.4, 1.5, 1 ஆகியவற்றால் பெருக்கி வருட வருமானமாக்கி, அதற்கேற்ற வரியை அந்தந்தத் தவணையில் கட்டினால் போதும்.

காகிதத்தில் இது மிக நியாயமான வழி. நடைமுறையில் நான்கு முறை கணக்கை மூட வேண்டும், வருமானம் மட்டுமல்ல, செலவும் அந்தந்தத் தேதி வரை தெரிய வேண்டும். ஒரு தவணைக்கு மட்டும் இதை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட முடியாது. சி.பி.ஏ. எனப்படும் கணக்காளரை வைத்துச் செய்தால் அவருடைய கட்டணமே மிச்சமான அபராதத்தைச் சாப்பிட்டுவிடலாம். பெரிய தொகை வருடக் கடைசியில் வந்து, போன வருட வரியும் அதிகமாக இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

## வழி 4: துணைவரின் சம்பளத்தில் கூடுதல் பிடித்தம்

வீட்டில் ஒருவருக்கு டபிள்யூ-2 சம்பளம் (கம்பெனி வரி பிடித்துக்கொண்டு கொடுப்பது) இருந்தால், தவணையே கட்டாமல் தப்பிக்கலாம். எச்-1பி, எச்-4 குடும்பங்களில் பெரும்பாலும் அப்படித்தானே. அவருடைய கம்பெனியில் பிடித்த அளவைச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தைப் புதிதாகக் கொடுத்து, அதில் 4(சி) என்ற இடத்தில் ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாக இவ்வளவு பிடியுங்கள் என்று எழுதினால் முடிந்தது.

இதன் அழகு ஒரு விதியில் இருக்கிறது. தவணையாகக் கட்டினால் கட்டிய தேதி முக்கியம். சம்பளப் பிடித்தமோ எந்த மாதம் பிடித்தாலும் வருடம் முழுக்கச் சமமாகப் பிடித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். மூன்று தவணையையும் மறந்துவிட்டு நவம்பரில் விழித்துக்கொண்டவர், மீதமுள்ள நான்கு சம்பளத்திலும் மூவாயிரம் மூவாயிரமாகப் பிடிக்கச் சொன்னால், ஏப்ரலிலிருந்தே ஒழுங்காகக் கட்டியவரைப் போல ஆகிவிடுவார். வழி 1 முதல் 3 வரை எதிலும் இந்த மந்திரம் கிடையாது.

விலையும் உண்டு. நவம்பர், டிசம்பரில் வீட்டுச் செலவுக்கு வரும் சம்பளம் மெலிந்துபோகும், வாடகை நிற்காது. ஜனவரியில் டபிள்யூ-4-ஐ மறுபடி மாற்ற மறந்தால் வருடம் முழுக்க மூவாயிரம் போய்க்கொண்டே இருக்கும். துணைவருக்கு லே-ஆஃப் வந்தால் திட்டம் அந்த நிமிடமே படுத்துவிடும், அன்றிலிருந்து நீங்கள் தவணைக்குத் திரும்ப வேண்டும். அப்புறம், ஃபெடரல் டபிள்யூ-4-ஐ மாற்றினால் மாநிலப் பிடித்தமும் தானாக உயரும் என்று நம்பாதீர்கள். கலிபோர்னியாவுக்கு டிஇ-4, நியூயார்க்குக்கு ஐடி-2104, நியூஜெர்சிக்கு என்ஜே-டபிள்யூ4 என்று தனித்தனிப் படிவங்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயங்கினாலும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சம்பாதிக்கும் பணத்துக்கான வரி இன்னொருவர் சம்பளத்தில் போகிறது. "என் சம்பளம் ஏன் குறைஞ்சுது" என்ற பேச்சு வீட்டில் வராமல் இருக்க, ஃப்ரீலான்ஸ் கணக்கிலிருந்து அந்தத் தொகையை மாதாமாதம் கூட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது.

## ஒன்றுமே கட்டாமல் விட்டால்?

பயந்து நடுங்குகிறவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். ஐ.ஆர்.எஸ். அபராதம் என்பது பெயருக்குத்தான் அபராதம், நடைமுறையில் அது வட்டி. 2025-இல் வருடத்துக்கு 7 சதவீதம். 4,173 டாலர் தவணையை ஜூன் 15-இல் விட்டுவிட்டு செப்டம்பர் 15-இல் கட்டினால் ஏறத்தாழ 74 டாலர். நான்கையும் விட்டுவிட்டு ஏப்ரலில் மொத்தமாகக் கட்டினாலும் 700 டாலர் அளவுதான் வரும். இதைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. ஆனாலும் ஒரு தவணை தவறியதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவோ, 25% வட்டிக்குக் கார்டில் தேய்த்துக் கட்டவோ வேண்டாம். வரியை ஏப்ரல் 15-க்குப் பிறகும் கட்டாமல் விடுவது, படிவமே தாக்கல் செய்யாமல் விடுவது, இவை வேறு வகை அபராதங்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

| | போன வருட வரி | இந்த வருட 90% | வந்தபோது கட்டுவது | துணைவர் பிடித்தம் |
|---|---|---|---|---|
| அபராதப் பாதுகாப்பு | தொகை முன்பே தெரியும், மிக உறுதி | கணிப்பு தப்பினால் ஓட்டை | கணக்கு சரியாக இருந்தால் உறுதி | வருடக் கடைசியில்கூடச் சரிசெய்யலாம் |
| கணக்கு வேலை | வருடத்துக்கு ஒரு முறை | நான்கு முறை, சுமார் | நான்கு முறை, துல்லியமாக | ஒரு படிவம், ஜனவரியில் மறுபடி ஒன்று |
| ஏப்ரல் பாக்கி | வருமானம் ஏறினால் பெரிது | சிறிது | சிறிது | பிடித்த அளவைப் பொறுத்தது |
| ஒளிந்திருக்கும் செலவு | பாக்கிப் பணத்தைத் தொட்டுவிடும் ஆசை | வருடக் கடைசி ஆச்சரியம் | சி.பி.ஏ. கட்டணம் | மெலிந்த சம்பளம், லே-ஆஃப் |
| பொருந்தும் ஆள் | வருமானம் ஏறுபவர் | இறங்குபவர் | சீசன் வேலைக்காரர் | டபிள்யூ-2 துணைவர் உள்ளவர் |

## மாநிலம் தனிக் கதை

ஃபெடரலுக்கு எடுத்த முடிவையே மாநிலத்துக்கும் எடுக்க வேண்டியதில்லை, பல நேரம் எடுக்கவும் முடியாது.

கலிபோர்னியாவில் நான்கு சம தவணை என்ற பேச்சே இல்லை. ஏப்ரலில் 30%, ஜூனில் 40%, செப்டம்பரில் ஒன்றுமில்லை, ஜனவரியில் 30%. நம் ஆளின் 2,700 டாலருக்கு அது 810, 1,080, 0, 810. இது தெரியாமல் நான் ஒரு வருடம் சமமாக நாலாகப் பிரித்துக் கட்டினேன். மொத்தம் சரியாக இருந்தும் ஜூன் தவணை குறைவு என்று அபராதம் வந்தது. சின்னத் தொகைதான், ஆனால் முழுசாகக் கட்டிவிட்டுத் திட்டு வாங்குவது எரிச்சல். இங்கே வரம்பும் 1,000 இல்லை, 500 டாலர். ஏ.ஜி.ஐ. பத்து லட்சம் டாலரைத் தொட்டவர்களுக்குப் போன வருடக் கணக்கு வழியே கிடையாது. அந்தக் கவலை வரும் நாள் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நியூஜெர்சியில் வரம்பு 400 டாலர், நியூயார்க்கில் 300. நியூயார்க் நகரத்துக்குள் இருந்தால் நகர வருமான வரி ஒன்று, தனிநபர் தொழிலுக்கான 4% நகர வரி இன்னொன்று. இரண்டாவது சிறிய வருமானக்காரர்களுக்குக் கழிவில் போய்விடும். பென்சில்வேனியாவில் மாநில வரி 3.07% என்று பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் ஊராட்சி மட்டத்தில் சம்பாத்திய வரி தனியாக உண்டு, அதையும் காலாண்டுக்கொரு முறை கட்ட வேண்டும்.

டெக்சாசில் தனிநபர் வருமான வரி இல்லை. டல்லாஸ், ஆஸ்டின் பக்கம் குடிபோனவர்கள் ஃபெடரலை மட்டும் பார்த்தால் போதும். வாஷிங்டன் மாநிலத்திலும் சம்பாத்தியத்துக்கு வருமான வரி கிடையாது என்று சொல்லி சியாட்டில் போகிறவர்கள் பி அண்ட் ஓ என்ற மாநிலத் தொழில் வரியை மறந்துவிடுகிறார்கள். அது லாபத்தின் மேல் அல்ல, மொத்த வரவின் மேல். சிறியவர்களுக்குச் சலுகை உண்டு, ஆனால் செலவைக் காட்டிக் குறைக்க முடியாது.

நடு வருடத்தில் மாநிலம் மாறியவருக்குப் புதிய மாநிலத்தில் போன வருட வரி என்று ஒன்றே இருக்காது. ஃபெடரலுக்கு வழி 1, மாநிலத்துக்கு வழி 2 என்று பிரித்து வைத்துக்கொள்வதுதான் அப்போது சரி.

வழி எதுவானாலும், இணையத்தில் கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜனவரி 15 தவணை போன வருடத்துக்கானது. 2026 ஜனவரியில் ஐ.ஆர்.எஸ். டைரக்ட் பே-யில் கட்டுகிறவர் வரி ஆண்டு 2025 என்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2026 என்று அழுத்திவிட்டால் பணம் அடுத்த வருடக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், 2025-இன் நாலாவது தவணை கட்டாததாகவே நிற்கும். அந்த ரசீதை அன்றைக்கே பிடிஎஃப்-ஆக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பும் நேரத்தில் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினோம் என்று தேடி அலைய வேண்டாம்.